கிளவுட்ல போட்டாச்சு, இனி கவலை இல்லனு எழுதாதீங்க சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர் வணிகப் பக்கத்துல சின்ன தொழில் பண்றவங்க எல்லாரும் கணக்கு வழக்க கிளவுட்டுக்கு, அதாவது இன்டர்நெட் வழியா வேற கம்பெனி சர்வர்ல வைக்கிற முறைக்கு, மாத்துங்கனு ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. நல்லா எளிமையாதான் எழுதிருந்தாங்க, குறை சொல்ல வரல. ஆனா கடைசில, கிளவுட்ல ஏத்திட்டா பாதுகாப்பு பத்தின கவலைய கம்பெனிக்காரங்களே பாத்துக்குவாங்கங்கிற மாதிரி முடிச்சிருந்தீங்க பாருங்க, அந்த இடத்துக்காகத்தான் இத எழுதுறேன். ஏன்னா எங்க பக்கம் பேப்பர்ல வந்தா அது சத்தியம்னு நம்புற ஆளுக இன்னும் நிறைய இருக்காக, மறுநாளே ஒரு ஐஸ் பிளாண்ட் ஓனர் பேப்பர மடிச்சு கொண்டு வந்து, பாத்தியளா போட்டுருக்கான், இனி நாம ஒண்ணும் பாக்க வேணாமாம்னு என்கிட்ட காட்டுறாரு.

நான் மண்டபம், தங்கச்சிமடம், ராமேஸ்வரம் பக்கம் நண்டு கம்பெனி, ஐஸ் பிளாண்ட், லாட்ஜு, படகு சாமான் கடைனு சின்ன சின்ன இடங்களுக்கு கணக்கு பாத்து ஜிஎஸ்டி பைல் பண்ணி குடுக்குற ஆளு. கம்ப்யூட்டர் இன்ஜினியர் கிடையாது. ஆனா இப்ப கணக்குனா நோட்டு இல்ல, எல்லாம் ஏதோ ஒரு கம்பெனி சர்வர்லதான் கெடக்கு, அதனால கத்துக்க வேண்டியதா போச்சு.

மொதல்ல ஒத்துக்க வேண்டியத ஒத்துக்குறேன். எங்க ஊருக்கு கிளவுட் ரொம்ப தேவையான சமாச்சாரம்தான். உப்புக்காத்துல ஒரு சிபியு எத்தன வருஷம் தாங்கும்னு இங்க கடை வச்சிருக்கவங்கள கேளுங்க, மதர்போர்டு பச்சை பூத்து போயிரும், ஹார்ட் டிஸ்க் திடீர்னு ஒரு நாள் கரகரனு சத்தம் போட்டு நின்னுரும். 2024 நவம்பர்ல ராமேஸ்வரத்துல ஒரே நாள்ல 40 செ.மீ.க்கு மேல மழை கொட்டுச்சே, அப்ப தரைத்தளத்துல ஆபீஸ் வச்சிருந்தவங்க கதியெல்லாம் என்னனு சொல்லவே வேணாம். அப்பறம் இன்னொரு விஷயம் வெளியூர்க்காரங்களுக்கு தெரியாது, படகு இலங்கை நேவிகிட்ட பிடிபட்டுச்சுனா ஓனர் அந்தப் பேப்பர் இந்தப் பேப்பர்னு தூக்கிட்டு அலையணும், அங்க கோர்ட்டுல படகு என்னோடதுதானு காட்டணும், அந்த நேரத்துல ஆர்சி எங்கனு பீரோவ உருட்டிட்டு இருக்காம போன்லயே ஸ்கேன் காப்பி இருந்தா எம்புட்டு நிம்மதி. அதனால கிளவுட் வேணாம்னு சொல்ற ஆளு நான் இல்ல.

ஆனா பாதுகாப்பு அவங்க பொறுப்புங்கிறது பாதிதான் உண்மை. படகுத்துறை ஜெட்டி மாதிரிதான் இது, படகு கட்ட இடம் குடுப்பாங்க, ஜெட்டி இடிஞ்சு விழாம பாத்துக்குவாங்க, கயித்த ஒழுங்கா கட்டுனமானு பாக்குறது நம்ம வேலை. கிளவுட் வாடகைக்கு விடுற அமேசான் மாதிரி கம்பெனிகளே இத ஒளிச்சு வைக்கல, பொறுப்பு ரெண்டு பேருக்கும் பங்குனு அவங்க வெப்சைட்லயே படம் போட்டு வச்சிருக்காங்க. கட்டடம், கரண்டு, ஏசி, மெஷினு, அதுக்குள்ள யாரும் பூந்துராம பாத்துக்குறது அவங்க. மேல நாம என்ன ஏத்துறோம், யாருக்கு சாவி குடுக்குறோம், எந்த கதவ தெறந்து வச்சிருக்கோம்ங்கிறது நாம. வெறும் சர்வர வாடகைக்கு எடுத்தா அதுல இருக்குற விண்டோஸ் அப்டேட், வெளியாளு உள்ள வராம தடுக்குற பயர்வால் கூட நம்ம தலைலதான். கூகுள் டிரைவ், ஆன்லைன் பில்லிங் சாப்ட்வேர் மாதிரி எடுத்தா அந்த வேலையெல்லாம் அவங்க பாத்துக்குவாங்க, ஆனா யாரு லாகின் பண்றாங்க, யாருக்கு ஷேர் பண்ணிருக்கோம்ங்கிறது எந்த வகைல எடுத்தாலும் கடைசி வரைக்கும் நம்மகிட்டதான் இருக்கும். இங்க நான் பாக்குற ஓட்டையெல்லாம் இந்த இடத்துலதான் இருக்கு.

பெரிய கம்பெனிங்களுக்கே இப்படித்தான் ஆயிருக்கு. அமெரிக்கால கேப்பிட்டல் ஒன்னுனு ஒரு பெரிய பாங்கு, 2019ல அவங்க அமேசான் கிளவுட்ல வச்சிருந்த டேட்டா போச்சு, அமெரிக்கால மட்டும் கிட்டத்தட்ட 10 கோடி பேரு, கனடால 60 லட்சம் பேரு விவரம். அமேசான் சர்வர யாரும் ஒடச்சு உள்ள போகல சார், பாங்கு போட்டு வச்சிருந்த பயர்வால் செட்டிங் சரியில்ல, அது வழியா உள்ள போன ஆளு அந்த சர்வருக்கு குடுத்திருந்த சாவிய எடுத்துகிட்டாங்க, அந்த சாவிக்கு தேவைக்கு மேல எல்லா ரூமையும் தெறக்குற அதிகாரம் குடுத்து வச்சிருந்தாங்க, முடிஞ்சு போச்சு. அடுத்த வருஷம் 8 கோடி டாலர் அபராதம் போட்டாங்க, அமேசானுக்கு இல்ல, பாங்குக்கு. டொயோட்டா கத இன்னும் மோசம், ஜப்பான்ல 21 லட்சத்து சொச்சம் கஸ்டமரோட கார் எங்க போகுது எங்க நிக்குதுங்கிற விவரம் கிளவுட்ல ஒரு செட்டிங் தப்பா இருந்ததால 2013 நவம்பர்ல இருந்து 2023 ஏப்ரல் வரைக்கும் தெறந்தே கெடந்துச்சு, அம்புட்டு வருஷமா ஒருத்தர் கண்ணுலயும் படல. டொயோட்டால ஆள் இல்லையா படிப்பு இல்லையா, அங்கயே அப்படினா தங்கச்சிமடத்துல ஒரு நண்டு கம்பெனில யாரு பாக்கப் போறா.

நியாயமா இன்னொன்னும் சொல்லணும், கிளவுட் கம்பெனிக்காரங்களும் தப்பே பண்ணாதவங்கனு நினைக்காதீங்க. 2023ல மைக்ரோசாப்ட் கிட்ட இருந்தே ஒரு முக்கியமான சாவிய சீனா ஹேக்கருங்க கைப்பத்தி அமெரிக்க அரசாங்க அதிகாரிங்க மெயிலெல்லாம் படிச்சாங்க, அது வந்திருக்கவே கூடாத சம்பவம்னு அமெரிக்க அரசு குழுவே அப்பறம் ரிப்போர்ட் குடுத்துச்சு. ஆனா அந்த மாதிரி திருட்டு நடந்தா நாம ஒண்ணும் பண்ண முடியாது, நம்மள மாதிரி சின்ன ஆளுகளுக்கு வர்றது அந்த ரகமும் இல்ல.

நமக்கு வர்றது எப்படினு சொல்றேன். ராமேஸ்வரம் லாட்ஜ எடுத்துக்கங்க. ஆடி அமாவாசை, தை அமாவாசைனா ரூம் கிடைக்காது, வட நாட்டுல இருந்து பஸ் பஸ்ஸா வருவாங்க, ஒவ்வொருத்தர்கிட்டயும் அடையாள அட்டை வாங்கணும்னு ரூல் இருக்கு. ரிசப்ஷன்ல இருக்குற பையன் ஆதார தன்னோட சொந்த போன்ல போட்டோ எடுப்பான், லாட்ஜு வாட்ஸ்அப் குரூப்ல போடுவான், அங்க இருந்து இன்னொருத்தர் டிரைவ் போல்டர்ல ஏத்துவாரு, அந்த போல்டர் லிங்க் இருக்குற யாரு வேணாலும் பாக்கலாம்னு தெறந்து கெடக்கும், ஏன்னா ஓனரு, மேனேஜரு, ஆடிட்டர் பையன் எல்லாருக்கும் தனித்தனியா பர்மிஷன் குடுக்க சோம்பேறித்தனம். அந்த போட்டோ பையன் போன்லயும் இருக்கும், போன்ல இருந்து தானா அவனோட சொந்த கூகுள் போட்டோஸுக்கும் ஏறிருக்கும். அவன் மூணு மாசத்துல வேலைய விட்டுட்டு எதுத்த லாட்ஜுக்கு போயிருவான். காசியில இருந்து வந்து தீர்த்தமாடிட்டு போன ஒரு குடும்பத்தோட ஆதாரு இத்தன இடத்துல கெடக்குது, யாரும் ஹேக் பண்ணவே தேவையில்ல. இதுக்கு வழி இல்லாம இல்ல, கடைசி நாலு நம்பர் மட்டும் தெரியுற மாஸ்க்டு ஆதார்னு ஒண்ணு ஆதார் குடுக்குற யுஐடிஏஐ வெப்சைட்லயே டவுன்லோட் பண்ணலாம், அத வாங்கிக்கலாமானு ஸ்டேஷன்ல ஒரு வார்த்தை கேட்டு வச்சுக்கலாம், லாட்ஜு பேர்ல தனி போன் ஒண்ணு வச்சு அதுல மட்டும் எடுக்கலாம், இம்புட்டு நாளைக்கு மேல வச்சிருக்க வேணாம்னு அழிச்சும் விடலாம். தேவையில்லாத டேட்டாவ வச்சுக்காம இருந்தாலே பாதி தலைவலி போயிரும், இத யாரும் சொல்றதில்ல, எல்லாரும் ஸ்டோரேஜ் இன்னும் வாங்குங்கதான் சொல்றாங்க.

நண்டு கம்பெனிலயும் இதே கததான், வேற ரூபத்துல. நண்டு சதை பிரிக்கிற வேலைக்கு வர்ற பொம்பளைங்க ஆதாரு, பாஸ்புக்கு முதல் பக்கம், போட்டோ எல்லாம் பிஎஃப்புக்காக வாங்கி வச்சிருப்பாங்க. மீனவர் சங்கத்துல பாத்தா மீன்பிடி தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய்க்கு உறுப்பினர் எல்லாரோட பேரு, பாங்கு நம்பர், ரேஷன் கார்டு, போன் நம்பர் ஒரே எக்செல் ஷீட்டுல இருக்கும், அது மெயில்லயும் வாட்ஸ்அப்லயும் டிரைவ்லயும் சுத்திட்டே இருக்கும். மோசடி பண்றவனுக்கு இதவிட என்ன வேணும், உங்க நிவாரணப் பணம் ஏறல, ஒரு ஓடிபி வரும் சொல்லுங்கம்மானு பேரு, ஊரு, பாங்கு கிளை எல்லாம் கரெக்டா சொல்லி கேட்டா எந்த அக்காதான் நம்பாது. பணத்த விட அந்த ஷீட்டுதான் முக்கியம்னு சங்க ஆளுகளுக்கு புரிய வைக்கிறது பெரும்பாடு, காசுப்பெட்டிக்கு ரெண்டு பூட்டு போடுவாங்க, ஷீட்ட பொதுவுல விட்டுருவாங்க.

அடுத்தது பாஸ்வேர்டு. ஒரே பாஸ்வேர்டு, ஓனர் பேரும் படகு நம்பரும் சேர்த்து, எல்லாத்துக்கும் அதே. அது கம்ப்யூட்டர் மானிட்டர் ஓரத்துலயே ஸ்டிக்கர்ல எழுதி ஒட்டிருக்கும். இதுக்கு மேல ஒரு காவல் போடலாம், ரெண்டாவது கட்டமா ஒரு கோடு கேக்குற மாதிரி செட்டிங், அத ஆன் பண்ணி வைங்கனு சொன்னா எங்க ஊர்ல ஒரு நியாயமான பிரச்சனை இருக்கு. ஓடிபி வர்ற சிம்மு ஓனர் போன்ல இருக்கும், ஓனர் கடல்ல இருப்பாரு, கரைல இருந்து கொஞ்ச தூரம் தாண்டுனாலே சிக்னல் கிடையாது, தனுஷ்கோடி பக்கம் போனா சில நேரம் இலங்கை டவர பிடிச்சுக்கும், எஸ்எம்எஸ் எங்க வரும். கரைல பில்லு போட உக்காந்திருக்கவரு லாகின் பண்ண முடியாம தவிப்பாரு, ரெண்டு தடவ இப்படி ஆனதும் அந்த செட்டிங்கையே ஆஃப் பண்ணிருவாங்க. நான் பாத்த பாதி இடத்துல இதான் காரணம், அசட்டை இல்ல. ஆனா இதுக்கு தீர்வு இருக்கு, ஆத்தன்டிகேட்டர்னு ஒரு ஆப்பு, அதுல வர்ற ஆறு இலக்க நம்பரு போன்லயே உருவாகுறது, முப்பது செகண்டுக்கு ஒரு தடவ மாறும், அதுக்கு சிக்னலே தேவையில்ல, நெட்டும் தேவையில்ல, போன்ல டைம் சரியா இருந்தா போதும், நடுக்கடல்லயும் வேலை செய்யும். அத விட முக்கியம் ஆளுக்கு ஒரு லாகின் போட்டுறணும், ஓனருக்கு ஒண்ணு, கணக்கு பாக்குறவருக்கு ஒண்ணு, அவரவர் போன்ல அவரவர் நம்பரு. துபாய்ல இருக்குற மகனுக்கு பாக்க மட்டும் பர்மிஷன் போதும்னா அது மட்டும் குடுக்கலாம். ஒரே லாகின ஏழு பேரு யூஸ் பண்ணா ஏதாவது அழிஞ்சு போச்சுனா யாரு அழிச்சதுனே கண்டுபிடிக்க முடியாது, எல்லாரும் ஓனர் பேர்லதான் உள்ள போயிருப்பாங்க.

ரெண்டாவது காவல் இல்லனா என்ன ஆகும்ங்கிறதுக்கு 2024ல நடந்ததே போதும். ஸ்னோஃபிளேக்குனு ஒரு பெரிய கிளவுட் டேட்டா கம்பெனி, அதோட கஸ்டமருங்க கிட்டத்தட்ட 165 நிறுவனங்களோட அக்கவுண்ட்ட குறி வச்சாங்க, டிக்கெட்மாஸ்டர் எல்லாம் அதுல உண்டு. ஸ்னோஃபிளேக்க யாரும் ஒடைக்கல, எப்பவோ வைரஸ் வழியா திருடுன பாஸ்வேர்டு, சிலது 2020ல திருடு போனது, அது வரைக்கும் மாத்தவே இல்ல, ரெண்டாவது கட்ட காவலும் இல்ல, நேரா வாசல் வழியா நடந்து உள்ள போனாங்க.

அந்த வைரஸ் எங்க இருந்து வருதுனு கேட்டீங்கனா அதுதான் எங்க பக்கத்துல எல்லாரும் முழுங்குற விஷயம். காசு குடுத்து வாங்காம டெலிகிராம்ல கிராக் பண்ண கணக்கு சாப்ட்வேர், கிராக் பண்ண போட்டோஷாப்னு இறக்கி போடுவாங்க, போடும்போது ஆன்டிவைரஸ ஆஃப் பண்ணுங்கனு அதுலயே சொல்லிருக்கும், இவங்களும் பண்ணுவாங்க. அதுக்குள்ள இருக்குறது குரோம்ல சேவ் பண்ணி வச்சிருக்குற பாஸ்வேர்ட எல்லாம் அள்ளிட்டு போயிரும், அது மட்டும் இல்ல, நாம ஏற்கனவே லாகின் ஆகி இருக்கோம்ங்கிறதுக்கு பிரவுசர் வச்சிருக்குற அடையாளத்தையும் சேத்து எடுத்துரும், அத அங்க போட்டா ஓடிபியே கேக்காது. லாட்ஜுக்கு இது ரொம்ப ஆபத்து, புக்கிங் ஆப் அக்கவுண்டு கைக்கு போச்சுனா அந்த அக்கவுண்ட்ல இருந்தே வர்ற பக்தருக்கு மெசேஜ் போகும், உங்க புக்கிங் கன்ஃபர்ம் ஆகல இந்த லிங்க்ல இன்னொரு தடவ பணம் கட்டுங்கனு. பேரு, தேதி, ரூமு எல்லாம் சரியா இருக்கும், அவரு கட்டிருவாரு, வந்து இறங்கி லாட்ஜு வாசல்ல நின்னு சண்டை போடுவாரு. லாட்ஜுகாரருக்கு கிளவுட் என்ன பண்ணும், சாவி போனது ரிசப்ஷன் கம்ப்யூட்டர்ல.

பேக்கப் பத்தி கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா கட்டுரைல கிளவுட்டே பேக்கப்தான்னு எழுதிட்டீங்க. டிரைவ் ஆப்ப கம்ப்யூட்டர்ல போட்டு போல்டர சேத்து விட்டா அது சிங்க், பேக்கப் இல்ல. இங்க அழிச்சா அங்கயும் அழியும். பைல பூட்டி வச்சு பணம் கேக்குற ரேன்சம்வேர் வைரஸ் வந்து இங்க எல்லாத்தையும் பூட்டுச்சுனா பூட்டுன பைலதான் மேல ஏத்தும், அதுவும் ரொம்ப விசுவாசமா. பழைய வெர்ஷன கொஞ்ச நாளைக்கு வச்சிருப்பாங்கதான், கூகுள் டிரைவ் குப்பைல 30 நாள் கெடக்கும், அதுக்கப்பறம் தானா போயிரும். ஆனா எங்க ஆளுக வருஷத்துக்கு ஒரு தடவ ஆடிட்டர் கேக்கும்போதுதான் போல்டர தெறந்தே பாப்பாங்க, அப்ப 30 நாள் எதுக்கு ஆகும்.

கிளவுட்காரங்க இடத்துலயே போறதும் உண்டு. 2021 மார்ச்ல பிரான்ஸ்ல ஸ்ட்ராஸ்பர்க்னு ஊர்ல ஓவிஎச் கம்பெனியோட டேட்டா சென்டர் ஒண்ணு முழுசா எரிஞ்சு போச்சு, பேக்கப்பும் அதே வளாகத்துல வச்சிருந்தவங்களுக்கு ரெண்டும் சேந்து சாம்பலாச்சு. 2025 செப்டம்பர்ல தென் கொரியா டேஜியான்ல அரசாங்க டேட்டா சென்டர்ல பேட்டரி தீப்பிடிச்சு, அரசு ஊழியருங்க பைல் வச்சிருந்த ஜி-டிரைவ் 858 டெராபைட் போயே போச்சு, வேற இடத்துல காப்பி இல்ல. தீ கூட வேணாம், 2024 மே மாசம் ஆஸ்திரேலியால யூனிசூப்பர்னு பென்ஷன் பணம் பாக்குற நிறுவனம், 6 லட்சத்துக்கு மேல உறுப்பினர், அவங்க அக்கவுண்ட்ட கூகுள் கிளவுட்டே ஒரு செட்டிங் தப்பால மொத்தமா டெலீட் பண்ணிருச்சு, ரெண்டு ஊர்ல காப்பி வச்சிருந்தாங்க, ரெண்டும் ஒரே அக்கவுண்டுங்கிறதால ரெண்டும் போச்சு, வேற ஒரு கம்பெனிகிட்ட தனியா பேக்கப் வச்சிருந்ததால தப்பிச்சாங்க. 2014ல கோட் ஸ்பேசஸ்னு ஒரு கம்பெனி அப்படி வைக்கல, அமேசான் கண்ட்ரோல் பேனல் லாகின் ஒருத்தன் கைக்கு போச்சு, பணம் கேட்டு மிரட்டுனான், இவங்க பாஸ்வேர்ட மாத்த போன உடனே அவன் டேட்டாவையும் பேக்கப்பையும் சேத்து அழிச்சுட்டான், கம்பெனியவே மூடிட்டாங்க.

அதனால நான் எங்க கஸ்டமருங்ககிட்ட சொல்றது, அதே லாகின்ல இல்லாத ஒரு காப்பி வேணும். ஐடி ஆளுக மூணு காப்பி, ரெண்டு வகையான இடம், ஒண்ணாவது வெளியூர்ல இருக்கணும்னு ஒரு கணக்கு சொல்லுவாங்க, சரிதான். எங்களுக்கு கிளவுட் வெளியூர் ஆச்சு, ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்ல மாசத்துக்கு ஒரு தடவ எடுத்து அத கழட்டி வீட்டு பீரோல வச்சுட்டா அது இன்னொண்ணு. கழட்டி வைக்கணும், அதான் விஷயம், சொருகியே வச்சிருந்தா ரேன்சம்வேர் அதையும் சாப்புட்டுரும். அப்பறம் அந்த காப்பில இருந்து ஒரு பைலயாவது தெறந்து பாக்கணும், தெறக்காத பேக்கப்ப நம்பி பிரயோஜனம் இல்ல, அதுலயும் உப்புக்காத்து ஊர்ல.

உங்க கட்டுரை கீழ ஒரு சாப்ட்வேர் விளம்பரம் வேற இருந்துச்சு, நான் அந்த கம்பெனிய சொல்லல, ஆனா பொதுவா ஒண்ணு. எனக்கு தெரிஞ்ச ஒரு வியாபாரி மதுரைல ஒரு சின்ன பில்லிங் கம்பெனிகிட்ட ஆன்லைன் சாப்ட்வேர் எடுத்தாரு, பேரு வேணாம். வருஷ கட்டணத்துல ஒரு தகராறு வந்துச்சு, லாகின பூட்டிட்டான். மூணு வருஷ கணக்கு உள்ள இருக்கு, ஜிஎஸ்டி கடைசி தேதி நெருங்குது, கேட்ட பணத்த குடுத்து எடுத்தோம், வேற வழி இல்ல. அதனால வாங்குறதுக்கு முன்னாடியே கேக்கணும், நான் நிறுத்துனா என் டேட்டாவ எக்செல்ல மொத்தமா எடுத்துக்க முடியுமா, உங்க ஆபீஸ்ல எத்தன பேரு என் கணக்க பாக்க முடியும், யாரு எப்ப உள்ள வந்தாங்கனு லாக் இருக்கா, நீங்களே எங்க பேக்கப் எடுக்குறீங்க. விக்க வர்றவரு இதுக்கு முழிச்சாருனா அப்பவே டீ குடுத்து அனுப்பிறலாம்.

சின்ன ஆளு இன்னொரு ஆள நம்பி இருக்கோம்ங்கிறதுக்கு 2024 ஜூலை கடைசில நடந்தத நினைச்சு பாருங்க. சி-எட்ஜ்னு கூட்டுறவு பாங்கு, கிராம பாங்குகளுக்கெல்லாம் சிஸ்டம் நடத்திக் குடுக்குற கம்பெனி, அங்க ரேன்சம்வேர் புகுந்துருச்சு. பரவிரக்கூடாதுனு யுபிஐய நடத்துற என்பிசிஐ அந்த கம்பெனி தொடர்ப துண்டிச்சது, நாடு முழுக்க கிட்டத்தட்ட 300 சின்ன பாங்கு கஸ்டமருங்க யுபிஐ, ஏடிஎம் இல்லாம தவிச்சாங்க. அந்த பாங்கு மேனேஜருங்க யாரும் எந்த தப்பும் பண்ணல. 2022ல டெல்லி எய்ம்ஸ்ல சர்வர் முடங்கி ரெண்டு வாரம் வரைக்கும் ஓபி சீட்ட கையால எழுதுனாங்க, அது அவங்க சொந்த சர்வருதான், அதனால கிளவுட்டா சொந்தமானு சண்டை போட்டு பிரயோஜனம் இல்ல, எங்க வச்சாலும் யாரு பாத்துக்குறா, போனா எதுல இருந்து எழுந்திருப்போம்ங்கிற ரெண்டு கேள்வியும் கூடவே வரும்.

சட்டமும் வந்துருச்சு சார், அத பத்தி உங்க பேப்பர்ல ஒரு மூலைல வந்ததோட சரி. டிஜிட்டல் தனிநபர் தரவு பாதுகாப்பு சட்டம் 2023ல போட்டாங்க, விதிமுறைய 2025 நவம்பர்ல வெளியிட்டாங்க, படிப்படியா அமலுக்கு வருது. அதுல தரவ ஒழுங்கா பாதுகாக்கலனா 250 கோடி ரூபா வரைக்கும் அபராதம் போடலாம். கிளவுட் கம்பெனி என் சார்பா வச்சிருந்துச்சுனு சொல்லி நழுவ முடியாது, மக்கள்கிட்ட இருந்து வாங்குனவன்தான் பதில் சொல்லணும். லாட்ஜுக்காரருக்கு 250 கோடி போட மாட்டாங்கதான், ஆனா ஆதாரு வாங்கி வைக்கிற ஒவ்வொருத்தரும் இந்த சட்டத்துக்குள்ளதான் வர்றாங்க, அது ஒருத்தருக்கும் தெரியாது. அதே மாதிரி சைபர் தாக்குதல் நடந்தா தெரிஞ்ச 6 மணி நேரத்துக்குள்ள செர்ட்-இன்ங்கிற மத்திய அரசு சைபர் பாதுகாப்பு அமைப்புக்கு சொல்லணும், லாக 180 நாள் வச்சிருக்கணும்னு 2022லயே உத்தரவு இருக்கு. எங்க பக்கம் நடந்தா மொதல்ல மறைப்பாங்க, கௌரவம்.

எனக்கு ஒரு யோசனை இருக்கு, மாவட்ட நிர்வாகமோ சங்கங்களோ படிச்சா நல்லது. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரை ஏத்தி பலகை மாத்துவாங்க, பெயிண்டு அடிப்பாங்க, இன்ஜின் பாப்பாங்க. ஓனருங்க எல்லாம் ஊர்லயே இருப்பாங்க, கைல போன் இருக்கும், சிக்னல் இருக்கும். அந்த நேரத்துல அரை நாள் சங்க கட்டடத்துல உக்காந்து யாரு யாருக்கு லாகின் இருக்குனு பாத்து வேலைய விட்டு போனவங்கள வெளிய எடுக்கலாம், கூகுள் அக்கவுண்ட்ல எந்தெந்த போன்ல லாகின் ஆகி இருக்குனு லிஸ்டு காட்டும், தெரியாத போன அங்கயே கழட்டி விடலாம், தெறந்து கெடக்குற லிங்க்க மூடலாம், ஆத்தன்டிகேட்டர் ஆப்ப போட்டு, போன் கடல்ல விழுந்தா திரும்ப உள்ள போறதுக்கு குடுக்குற ரெக்கவரி கோட பிரிண்ட் எடுத்து பத்திரத்தோட வைக்கலாம். போன் கடல்ல விழுறது எங்க ஊர்ல அபூர்வம் இல்ல. காலேஜு பிள்ளைங்க, இ-சேவை மையத்துல இருக்குற தம்பிங்க இதெல்லாம் அழகா செஞ்சு குடுப்பாங்க, செலவு டீக்காசுதான். அதுக்காக அவங்க கைல பாஸ்வேர்ட குடுத்துட்டு போயிராதீங்க, பக்கத்துல உக்காந்து நீங்களே டைப் பண்ணுங்க.

ஆசிரியர் சார், உங்க கட்டுரை எழுதுனவர்கிட்ட என் சார்பா ஒண்ணு கேளுங்க, அடுத்த பகுதி வரும்னு போட்டிருந்தீங்கல்ல, அதுல அந்த வரிய திருத்தி, எது கம்பெனி பாத்துக்கும் எது நாம பாக்கணும்னு ரெண்டு பக்கமா பிரிச்சு ஒரு பெட்டிச் செய்தி போடுங்க. நான் அத வெட்டி ஒவ்வொரு கடை மானிட்டர்லயும் பாஸ்வேர்டு ஸ்டிக்கர கிழிச்சுட்டு அந்த இடத்துல ஒட்டிக்கிறேன். ஆன்லைன் மோசடில பணம் போச்சுனா உடனே கூப்பிட வேண்டிய 1930 நம்பரையும் அதுலயே பெருசா போடுங்க, எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுறமோ அவ்வளவு தூரம் பணத்த நடுவுல நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கு, இங்க பாதி பேரு மொதல்ல பாங்குக்கு நடந்து போறாங்க, அதுவும் திங்கக்கிழமை.

இப்படிக்கு,
கணக்கு எழுதும் வாசகர்,
மண்டபம், ராமநாதபுரம் மாவட்டம்